ஓப்லிக் செவில்: 4, 4, 8, பிறகு 1

2025 செப்டம்பர் 14 அன்று டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரை 9.77 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற ஜமைக்காவின் ஓப்லிக் செவில் திடீரென்று எங்கிருந்து முளைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தீவில் ஒரு பையன் பள்ளி மைதானத்திலிருந்து அந்த மேடைக்கு வர என்னென்ன தாண்ட வேண்டியிருக்கிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றுக்குள் மற்றொன்று இருக்கிறது.

அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை. 2022 மே மாதமே கிங்ஸ்டனில் 9.86 ஓடிவிட்டார். அப்போது வயது 21. அந்த ஆண்டு யூஜீன் உலகப் போட்டியில் அமெரிக்காவின் ஃபிரெட் கெர்லி தங்கம் வென்ற நேரமும் அதே 9.86தான். வேகம் அன்றே கையில் இருந்தது. அந்த வேகத்தை, நான்கு பேர் நெருக்கி ஓடும் மூன்றாவது சுற்றான இறுதி ஓட்டத்தில், குறித்த நாளில், குறித்த நிமிடத்தில் எடுத்து வைப்பதற்குத்தான் மூன்று ஆண்டு பிடித்தது.

இறுதிப் போட்டிகளை வரிசையாகப் பாருங்கள். 2022 யூஜீனில் 9.97, நான்காம் இடம். 2023 புடாபெஸ்டில் 9.88, மறுபடி நான்காம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 9.91, எட்டாம் இடம், அதாவது கடைசி. அடுத்த ஆண்டு டோக்கியோவில் முதலிடம். இப்போது அதே போட்டிகளில் இறுதிக்கு முந்தைய சுற்றுகளைப் பாருங்கள். யூஜீன் அரையிறுதியில் 9.90. புடாபெஸ்ட் ஹீட்ஸில், அதாவது முதல் சுற்றில், 9.86. பாரிஸ் அரையிறுதியில் 9.81, அந்த ஓட்டத்தில் அவருக்குப் பின்னால் 9.83ல் வந்தவர் நோவா லைல்ஸ், அன்றிரவே ஒலிம்பிக் சாம்பியன் ஆனவர். மூன்று போட்டியிலும் செவிலின் சிறந்த ஓட்டம் இறுதிக்கு முன்பே செலவாகிவிட்டது. செய்தித்தாள் இதை "பதற்றம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் உடல் பக்கத்துக் கணக்கு அதைவிடப் பெரியது.

பாரிஸில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முழு மூச்சில் 9.81 ஓடிய கால், தசை அளவில் அதற்குள் ஓரளவு மீண்டுவிடும். நரம்பு மண்டலம் மீள்வது கடினம். பயிற்சியில் பின்பற்றும் பொதுக் கணக்கு, உச்ச வேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது. ஆனால் அது ஒரே நாள் பயிற்சிக்குள் அடுத்த ஓட்டம் ஓடுவதற்கு மட்டும். உண்மையான உச்ச முயற்சி ஒன்றுக்குப் பிறகு அடுத்த உச்ச முயற்சிக்கு 48 மணி நேரம் விடுவதுதான் வழக்கம். சாம்பியன்ஷிப் அட்டவணை அந்த இடைவெளியைத் தருவதில்லை. அதனால் அனுபவசாலிகள் அரையிறுதியில் 70, 80 மீட்டருக்குப் பிறகு, இடம் உறுதியானதும், வேகத்தைத் தளர்த்திவிடுவார்கள். உசேன் போல்ட் பக்கத்து லேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முடிப்பது ரசிகனுக்கு வேடிக்கை. உள்ளே அது சேமிப்பு. அந்த நிதானம், பக்கத்தில் லைல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது 23 வயதுக்காரருக்கு வருவது எளிதில்லை.

இடைவேளையில் செய்ய வேண்டியதும் தனிக் கலைதான். ஓடி முடித்ததும் உட்காரக் கூடாது; பத்துப் பதினைந்து நிமிடம் நடை, மெதுவோட்டம். எளிதில் செரிக்கும் மாவுச்சத்து கொஞ்சம், தண்ணீர் மடக்கு மடக்காக. மசாஜ் மேலோட்டமாக மட்டும். ஆழமாக அழுத்தினால் தசை தளர்ந்து, அடுத்த ஓட்டத்தில் தரையை உதைக்கும் விறைப்பு இருக்காது. இரண்டாவது வார்ம்-அப் முதலாவதில் பாதிதான்: இரண்டு மூன்று குறுகிய ஓட்டம், பிளாக்கிலிருந்து (ஓட்டம் தொடங்கக் கால் வைக்கும் கட்டை) ஒன்றிரண்டு ஸ்டார்ட், அவ்வளவே. பிறகு 'கால் ரூம்' (call room), ஓட்டத்துக்கு முன் வீரர்களை அழைத்து உட்கார வைக்கும் அறை. அங்கே எட்டுப் பேரும் நாற்காலியில் காத்திருக்க வேண்டும், உடல் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். வார்ம்-அப்பை ஐந்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டால்கூட முதல் 30 மீட்டரில் அது தெரியும்.

புடாபெஸ்டில் அவர் இழந்தது எவ்வளவு என்று பார்த்தால் இந்தச் சின்ன விஷயங்களின் எடை புரியும். இரண்டாம், மூன்றாம், நான்காம் இடத்துக்காரர்கள் மூவருக்கும் திரையில் 9.88தான் வந்தது. வினாடியை ஆயிரத்தில் பிரித்தால் போட்ஸ்வானாவின் டெபோகோ 9.873, பிரிட்டனின் ஹியூஸ் 9.874, செவில் 9.877. முடிவுக் கோட்டில் விநாடிக்குப் பதினோரு மீட்டருக்கு மேல் வேகம் இருக்கும் என்று வைத்தால், வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர். தலையோ கையோ கணக்கில் வராது, உடற்பகுதி கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. அங்கே மார்பை எப்போது சாய்ப்பது என்பதே பதக்கம். சீக்கிரம் சாய்ந்தால் காலடி நீளம் குறைந்துவிடும், தாமதமானால் பயனில்லை. கடைசிக் காலடியில்தான் சாய வேண்டும்.

பள்ளிக்கு வருவோம். செவில் தீவின் தென்கிழக்கில் உள்ள செயின்ட் தாமஸ் பாரிஷ்காரர் (பாரிஷ் என்பது அங்கே மாவட்டம்). படித்தது கிங்ஸ்டனில் காலபார் உயர்நிலைப் பள்ளி. ஜமைக்காவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் (1948, 400 மீட்டர்) வாங்கித் தந்த ஆர்தர் விண்ட்டும், அவரோடு 1952ல் தொடரோட்டத் தங்கம் வென்ற ஹெர்ப் மெக்கென்லியும் படித்த பள்ளி அது. அங்கே ஓடுகிற பையனுக்கு ஆண்டு முழுக்க ஒரே இலக்கு: மார்ச் மாதத்துச் சாம்ப்ஸ். பள்ளிகளுக்கிடையிலான இந்தப் போட்டி 1910ல் தொடங்கியது. ஐந்து நாள், தேசிய மைதானம் நிரம்பி வழியும், தொலைக்காட்சி நேரலை, பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருவார்கள். வயதுவாரியாகப் பையன்களுக்கு மூன்று வகுப்பு, பெண்களுக்கு நான்கு. 12, 13 வயதிலேயே பல்லாயிரம் பேர் கத்தும் மைதானத்தில் ஸ்டார்டிங் பிளாக்கில் கால் வைத்துப் பழகிவிடுவதால், இருபது வயதில் டயமண்ட் லீக் (உலகின் முன்னணித் தடகளத் தொடர்) மைதானம் அவர்களை மிரட்டுவதில்லை. ஜமைக்காவின் உண்மையான ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். யாம் கிழங்கு, மரபணு என்றெல்லாம் எழுதுவார்கள். வேகத் தசைக்கான மரபணு என்று பெரிதாகப் பேசப்படும் அந்த ஏசிடிஎன்3 வகை கென்யாவிலும் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. கென்யர்கள் மாரத்தான் ஓடுகிறார்கள்.

சாம்ப்ஸே பலரை முடித்தும் வைக்கிறது. பள்ளிக்குப் புள்ளி வேண்டும், பையன் வேகமாக ஓடுகிறான், ஆகவே எல்லாவற்றிலும் இறக்கு. 100 மீட்டரில் மூன்று சுற்று, 200 மீட்டரில் மூன்று சுற்று, தொடரோட்டத்தில் இரண்டு என்றால் ஐந்து நாளில் எட்டு ஓட்டம். எட்டும் முழு வேகம். சில வாரத்தில் ஈஸ்டர், கரீபியன் ஜூனியர்களின் கரிஃப்டா போட்டி. வளரும் எலும்பு, முழுதாக உறுதிப்படாத இடுப்பு, தொடைப் பின்தசை, இவைதான் அடி வாங்கும். ஹாம்ஸ்ட்ரிங் எனும் அந்தப் பின்தசை ஒருமுறை கிழிந்து, ஆறவிடாமல் மூன்று வாரத்தில் மீண்டும் ஓடினால் அதே இடத்தில் தழும்புத் திசு சேரும். நீளாத அந்த இடத்தின் ஓரத்தில் அடுத்த கிழிசல் வரும். பதினெட்டில் தொடங்கும் இந்தச் சுழல் இருபத்திரண்டில் ஆளை வெளியேற்றிவிடும்.

உதாரணம் வேண்டுமா? 2014 சாம்ப்ஸில் ஜேவன் ஃபிரான்சிஸ் 400 மீட்டரை 45.00ல் ஓடி, போல்ட் 2003ல் வைத்த 45.35 சாதனையை உடைத்தார். செவிலின் அதே காலபார் பள்ளி. பின்னாளில் தொடரோட்டத்தில் ஒலிம்பிக் வெள்ளி கிடைத்தது, தனிப் பதக்கம் உலக மேடையில் கிடைக்கவில்லை. 2023 சாம்ப்ஸில் கிங்ஸ்டன் காலேஜின் பூவாஜி நுக்ருமி 9.99 ஓடி, 10 வினாடிக்குள் வந்த முதல் ஜமைக்க ஜூனியர் ஆனார். 2025 டோக்கியோ வரை பெரியவர்களுக்கான உலக இறுதி எதிலும் 100 மீட்டர் கோட்டில் அவர் நிற்கவில்லை. இருவரையும் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளிச் சாதனை பெரியவர் பதக்கத்துக்கு முன்பணம் ஆகாது, அவ்வளவுதான்.

நேர் எதிர்ப்பக்கத்தில் கிஷேன் தாம்சன். கிளாரண்டன் பாரிஷ், கார்வி மேசியோ பள்ளி. ஜூனியராக உலகம் அவரை அறியாது, காயங்கள்தான் அதிகம். கிங்ஸ்டனின் எம்விபி கிளப்பில் கோச் ஸ்டீபன் ஃபிரான்சிஸிடம் சேர்ந்தார். 2023 தேசியத் தேர்வுப் போட்டியில் முதல் சுற்றில் 9.91 ஓடினார், அதோடு விலகிக்கொண்டார். உலகப் போட்டி டிக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஏன் விலகினார் என்று எல்லாரும் திகைத்தார்கள். கோச்சின் திட்டமே அதுதான்: இந்த உடம்பு இந்த ஆண்டு ஒரு சுற்றுத்தான் தாங்கும், மூன்று சுற்றுக்குத் தயாரில்லை. மறு ஆண்டு அதே தேர்வில் மூன்று சுற்றும் ஓடி 9.77, பாரிஸில் லைல்ஸிடம் வினாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் தோற்று வெள்ளி (9.784, 9.789). 2025 ஜூனில் 9.75, உலக வரலாற்றில் அவரைவிட வேகமாக ஓடியவர்கள் ஐந்தே பேர். இளம் வீரரைக் கையாள்வதில் சமீப காலத்தில் நான் பார்த்த மிகத் துணிச்சலான முடிவு அந்த 2023 விலகல்.

செவில் இருப்பது ரேசர்ஸ் கிளப்பில், கோச் க்ளென் மில்ஸிடம். வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகம்தான் களம். போல்ட், யோஹான் பிளேக், வாரன் வியர் எல்லாம் அங்கே உருவானவர்கள். இந்த இரு கிளப்களின் முக்கியத்துவம் புரிய ஒரு பின்னணி தேவை. முன்பெல்லாம் திறமையான ஜமைக்கர் பள்ளி முடித்ததும் அமெரிக்கக் கல்லூரிக்குப் போவார். படிப்புச் செலவு இல்லை, வசதி உண்டு. ஆனால் ஜனவரி உள்ளரங்கப் போட்டியிலிருந்து ஜூன் வரை கல்லூரிக்காக வாராவாரம் ஓட்டம், ஆகஸ்டில் உலகப் போட்டிக்கு வரும்போது சாறு பிழிந்த நிலை. 1999ல் எம்விபி தொடங்கியபோது, ஊரிலேயே, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புல்தரையில் பயிற்சி கொடுத்து உலகச் சாதனைக்காரரை உருவாக்க முடியும் என்பதை யாரும் நம்பவில்லை. 2005ல் அசாஃபா பவல் 9.77 ஓடி உலகச் சாதனை படைத்ததும் பேச்சு நின்றது. செவிலும் தாம்சனும் உள்ளூரிலேயே தங்கியவர்கள். ஆண்டில் எத்தனை முறை ஓடுவது என்பதைத் தீர்மானிப்பவர் அவரவர் கோச் மட்டுமே.

மில்ஸின் பொறுமைக்குப் பழைய சான்று போல்ட். 2002ல் கிங்ஸ்டனில் 15 வயதில் உலக ஜூனியர் சாம்பியன், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஹீட்ஸோடு வெளியே, 2005 ஹெல்சிங்கி 200 மீட்டர் இறுதியில் காயத்தோடு எட்டாம் இடம். 2007ல் 19.75 ஓடி டான் குவாரியின் தேசியச் சாதனையை உடைத்த பிறகுதான் 100 மீட்டருக்கு மில்ஸ் அனுமதி தந்தார். மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டர் தங்கம் வென்றது உங்களுக்குத் தெரியும். செவில் பாரிஸில் எட்டாவதாக வந்தபோது அந்தக் கிளப்பில் யாரும் கோச்சை மாற்றச் சொல்லிக் கூச்சல் போடாததற்கு இந்த முன்கதை ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பயிற்சி ஆண்டு பொதுவாக அக்டோபர், நவம்பரில் தொடங்கும். முதல் மூன்று மாதம் அடித்தளம்: புல்தரையில் 200, 300 மீட்டர் ஓட்டங்கள், 60 முதல் 100 மீட்டர் மேட்டு ஓட்டம் எட்டு முறை, வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி. ஜனவரிக்கு மேல் அளவு குறையும், வேகம் கூடும்: பிளாக்கிலிருந்து 30 மீட்டர் ஐந்தாறு முறை, ஓடிவந்து எடுக்கும் 20, 30 மீட்டர் உச்சவேகம், வேகத்தைத் தக்கவைக்க 120, 150 மீட்டர். இளம் வீரர்கள் செய்யும் வழக்கமான தவறு, ஆறாவது ஸ்டார்ட் முதலாவதைவிட மெதுவாகிவிட்டது என்று தெரிந்தும் இன்னும் நான்கு எடுப்பது. களைத்த காலோடு எடுக்கும் ஸ்டார்ட், மெதுவான ஸ்டார்ட்டைத்தான் பழக்குகிறது.

100 மீட்டரில் கடைசிவரை வேகம் கூடிக்கொண்டே போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009 பெர்லினில் போல்ட் 9.58 ஓடியபோது ஒவ்வொரு 20 மீட்டருக்கும் ஆன நேரம்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. கடைசி 20ல் அவரே மெதுவானார். எல்லாரும் மெதுவாகிறார்கள், குறைவாக மெதுவாகிறவர் பாய்ந்து வருவதுபோல் தெரிகிறார். பின்தங்கியதைக் கண்டு பல்லைக் கடித்துத் தோளைத் தூக்கும் கணத்தில் கை வீச்சு குறுகும், கால் தரையில் கூடுதல் நேரம் ஒட்டும், எல்லாம் போய்விடும். டோக்கியோவில் தாம்சன் முன்னே போக, பிந்திய பாதியில் செவில் தோள் இறங்கிய நிலையில் அவரைத் தாண்டியதைக் காணொளியில் பாருங்கள். தாம்சன் 9.82, லைல்ஸ் 9.89. 2015ல் போல்ட் வென்றதற்குப் பிறகு ஆண்கள் 100 மீட்டர் உலகப் பட்டம் ஜமைக்காவுக்கு வந்தது அன்றுதான். போல்ட் மைதானத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெற்றிக்கு அறிகுறிகள் கோடையிலேயே இருந்தன. ஜூலையில் லண்டனில் 9.86, ஆகஸ்டில் மழை பெய்த லோசானில் 9.87, இரண்டிலும் லைல்ஸ் பின்னால். இன்னொரு கணக்கு. தாம்சனின் 9.75ஐ வைத்து அவரே வேகமானவர் என்று வாதிடுகிறவர்கள் காற்றைப் பார்ப்பதில்லை. பின்காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் சுமார் 0.05 வினாடி லாபம், 2.0க்கு மேல் போனால் சாதனைக் கணக்கில் சேராது. 9.75க்கு காற்று +0.8, செவிலின் 9.77க்கு +0.3. காற்றைக் கழித்தால் ஒன்று 9.79, மற்றது 9.785. ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: உலகப் போட்டியில் முதல் பரிசு 70,000 டாலர், இரண்டாவது 35,000, மூன்றாவது 22,000, நான்காவது 16,000, எட்டாவது 5,000. செவிலின் முதல் இரண்டு இறுதிகளும் சேர்ந்து 32,000. கோச், பிசியோ, ஏஜெண்ட் பங்கு, பயணம் போக மிஞ்சுவது சொற்பம். ஷூ நிறுவன ஒப்பந்தம்தான் சோறு போடும். தரவரிசை இறங்கினாலோ, ஒரு பருவம் ஓடாவிட்டாலோ அதில் பிடித்தம் செய்யும் பிரிவுகள் இருப்பது வழக்கம். காயத்தோடு ஓடும் இளைஞர்களின் பின்னால் பெரும்பாலும் இந்தப் பிரிவுகள்தான் நிற்கின்றன.

ஊக்கமருந்து விதிகளில் இளையோர் சறுக்குவது பெரும்பாலும் கவனக்குறைவால். மேல்மட்டச் சோதனைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், ஆண்டு முழுக்க ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பேன், எந்த 60 நிமிடத்தில் வந்தால் கிடைப்பேன் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறினால், உடம்பில் எதுவுமே இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டு வரை தடை. மருந்துக் கடைச் சளி மாத்திரையும் ஆபத்து: 2018ல் உலக ஜூனியர் 100, 200 இரண்டும் வென்ற பிரியானா வில்லியம்ஸ், 2019ல் கலப்படமான சளி மாத்திரையால் சோதனையில் சிக்கினார். தடை விழவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் தோஹா உலகப் போட்டி கைநழுவியது.

இனி செவிலுக்கு என்ன என்றால், 2026ல் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் கிடையாது. காமன்வெல்த் போட்டியும், செப்டம்பரில் புடாபெஸ்டில் புதிதாகத் தொடங்கும் அல்டிமேட் சாம்பியன்ஷிப்பும் உண்டு, அதில் வெல்பவருக்கு 150,000 டாலர். 2027 பெய்ஜிங் உலகப் போட்டிக்கு நடப்புச் சாம்பியன் என்ற முறையில் அவருக்கு நேரடி இடம் இருக்கிறது. தேர்வில் 100 மீட்டரில் முதல் மூன்றுக்குள் வர வேண்டிய கட்டாயம் இல்லை, ஜமைக்கா நான்கு பேரை இறக்கலாம். ஒலிம்பிக்கில் இந்தச் சலுகை செல்லாது. 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு அவர் கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று முதல் மூன்றுக்குள் வந்தாக வேண்டும். 2025 தேர்வில் மூன்றாம் இடத்துக்கு அக்கீம் பிளேக் 9.88 ஓட வேண்டியிருந்தது.